இ-பாஸில் நாலு வரிக்கு இடம் வேண்டும்

திண்டுக்கல் மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,

2024 மே மாதம் முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் இல்லாமல் சுற்றுலா வண்டி ஏற முடியாது. 2025 கோடைக்கு வார நாள்களில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று உயர் நீதிமன்றம் வரம்பும் வைத்தது. எத்தனை பேர் வரலாம் என்பதைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. வந்தவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்பதைப் பற்றித்தான் இந்த மடல்.

கொடைக்கானலிலிருந்து மன்னவனூர் சாலையில் சுமார் 20 கி.மீ. தள்ளி இருக்கிறது பூம்பாறை. சாலை மேலே, ஊர் கீழே. சுற்றிலும் படிப்படியாக இறங்கும் வயல்கள். வருகிறவர்களில் பலர் சாலையோரம் வண்டியை நிறுத்தி, ஊர் பின்னணியில் தெரிய செல்ஃபி எடுத்து, மக்காச்சோளம் தின்றுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். இறங்கி நடந்தால்தானே அந்த வயல்களில் விளைவது 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய மலைப்பூண்டு என்றும், அது வடுகபட்டிச் சந்தைக்குப் போகிறது என்றும் தெரியும்! குழந்தை வேலப்பர் கோயில் சிலை போகர் செய்த நவபாஷாணம் என்பார்கள் ஊரார். அருணகிரிநாதர் இங்கே தூங்கியபோது கொல்ல வந்த அரக்கி, அவரோடு ஒரு குழந்தையைப் பார்த்து, தாயும் பிள்ளையும் என்று நினைத்து விட்டுவிட்டுப் போனாளாம். குழந்தையாக வந்தவர் முருகன். இந்தக் கதையை அந்த ஊர்த் திண்ணையில் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

இன்னும் பழையது கீழ்மலையில் இருக்கிறது. தாண்டிக்குடி, பேத்துப்பாறைப் பக்கங்களில் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே மூடுகல் போட்ட கற்திட்டைகள். ஆங்லேட் என்ற ஏசு சபைப் பாதிரியார், நியூட்டனோடு சேர்ந்து இவற்றைப் பற்றி எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928இலேயே வெளியிட்டது. பின்னாளில் தாண்டிக்குடியில் நடந்த அகழாய்வில் சூதுபவள மணிகள் கிடைத்தன. சூதுபவளம் இந்த மலையில் கிடைக்கும் கல் அல்ல. மிளகும் ஏலமும் விளையும் மலைக்கு எங்கிருந்தோ ஏறி வந்திருக்கிறது. கொடைக்கானலின் வரலாறு வெள்ளைக்காரர்கள் பங்களா கட்டியதிலிருந்து தொடங்குவதாக நினைக்கிறவர்களுக்கு இந்த மணிகளே போதும்.

நான் கேட்பது பெரிய செலவு அல்ல. சொந்த வண்டியிலும் வாடகை வண்டியிலும் வருகிறவர்களின் கைப்பேசிக்கு இ-பாஸ் போகிறது. அதன் அடியில் பூம்பாறைக்கும் கற்திட்டைகளுக்கும் நாலு வரி சேர்க்கலாம், தமிழில், பயணிகள் வரும் மற்ற மொழிகளிலும்.

கூட்டம் சேர்ந்தால் திட்டைகள் தாங்குமா என்று நீங்கள் கேட்கலாம். தாங்காது. மூடுகல்லில் ஏறி நின்று படம் எடுப்பார்கள், பெயரைக் கிறுக்குவார்கள். அதனால் காவல் போட முடிந்த இரண்டு மூன்று இடங்களை மட்டும் பலகை வைத்துக் காட்டுங்கள். மற்றவை காப்பித் தோட்டங்களுக்குள் அப்படியே இருக்கட்டும். கூட்டிப்போய்க் காட்டும் வேலையை அந்தந்த ஊர்ப் பிள்ளைகளுக்கே பயிற்சியும் கூலியும் கொடுத்து ஒப்படைக்கலாம். பூம்பாறையில் கண்ணாடிப் பாலம் வேண்டும் என்று யாராவது மனு கொண்டுவந்தால், தயவுசெய்து அதைக் கோப்பில் சேர்க்காதீர்கள்.

எதைச் செய்வதானாலும் முதலில் அந்த ஊர்க் கிராம சபையில் வைத்துக் கேளுங்கள். வண்டி நிறுத்த எந்த வயலோரத்தை விடலாம், எந்தத் தெருவுக்குள் வெளியார் வரலாம் என்று சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான்.

இப்படிக்கு,
மலைக்கு வந்துபோகும் ஒரு பயணி