கோடைக்கு வரும் உறவினரும் வீட்டுக் கணக்கும்

பள்ளிகளுக்கு விடுமுறை விட்டதும் தென் மாவட்ட இரயில்களில் வந்திறங்கும் குடும்பங்களில் பல, மூட்டை முடிச்சுகளோடு இராயபுரத்துக்கும் தண்டையார்பேட்டைக்கும் திருவொற்றியூருக்கும் வந்து சேர்கின்றன. ஐவர் வாழும் ஒன்றரை அறை வீட்டில் பத்துப் பேர் பாய் விரித்துப் படுப்பது நம் பங்குகளில் புதிதன்று. இடத்தைப் பற்றி எவரும் முகம் சுளிப்பதில்லை. தொல்லை மறுநாள் காலையில்தான் தொடங்குகிறது. "மச்சான், இந்தத் தடவை மெட்ராஸை முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் ஊருக்குப் போவோம்" என்று தங்கையின் கணவர் சிரித்துக்கொண்டே சொல்கிறார். வீட்டுக்காரர் மனத்துக்குள் கணக்குப் போடத் தொடங்குகிறார்.

நாம் நன்கறிந்த திருவொற்றியூர்க் குடும்பம் ஒன்றில் இப்படித்தான் நடந்தது. குடும்பத் தலைவர் துறைமுகத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. மைத்துனர் முன் குறைந்துபோகக் கூடாது என்று முதல் நாளே வாடகைக் கார் பேசி, பத்துப் பேரையும் நகருக்கு வெளியே ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்கு அழைத்துச் சென்றார். நுழைவுக் கட்டணமும் உள்ளே வாங்கித் தின்ற சிற்றுண்டியும் மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியை விழுங்கிவிட்டன. மீதி ஆறு நாட்களும் விருந்தினர் வீட்டிலேயே தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜூன் மாதம் பள்ளிக் கட்டணத்துக்காக அந்த அம்மையாரின் வளையல் இரண்டும் அடகுக் கடைக்குப் போயின. ஊருக்குத் திரும்பியவர்களுக்கு இன்றுவரை இது தெரியாது. தெரிந்தால் அவர்கள் மறுபடி வரவே கூசுவார்கள்.

ஆகவே நாம் முதலில் சொல்வது இதுதான்: வந்த அன்றிரவு, சாப்பாடு முடிந்ததும், இரு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து செலவைப் பேசிவிட வேண்டும். விருந்தினரிடம் பணப்பேச்சு மரியாதையன்று என்பர் சிலர். நம் கருத்து வேறு. வெளியே செல்லும் செலவைத் தாம் ஏற்பதாக விருந்தினரே முந்திக்கொண்டு சொல்லலாம். உலை வைப்பது வீட்டுக்காரர் பாடாக இருக்கட்டும்.

இனி, எங்கே செல்வது? தொலைவு தேடிப் போகுமுன் இராயபுரத்தையே பாருங்கள். சென்னைக்குத் துறைமுகம் அமையாத காலத்தில் கப்பல்கள் கடலில் நங்கூரமிட்டு நிற்க, ஆணியின்றிக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் சரக்கையும் ஆட்களையும் அலைகளினூடே கரை சேர்த்தவர்கள் இப்பகுதிப் படகோட்டிகள். அவர்களிடையே இருந்த கத்தோலிக்கர்கள் 1829-இல் எழுப்பிய ஆலயமே புனித இராயப்பர் ஆலயம். இராயப்பரின் பெயரே ஊரின் பெயருமாயிற்று என்பர். அங்கிருந்து சற்று தூரத்தில் இராயபுரம் இரயில் நிலையம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் 1856 ஜூலை முதல் நாள் இங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. அத்தூண்களின் அடியில் நின்று இதைச் சொன்னால் பிள்ளைகள் கேட்பார்கள். வீட்டில் சொன்னால் கேட்க மாட்டார்கள்.

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தைக் காட்டும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை. மீன் இனப்பெருக்கக் காலம் அது. ஆகவே மே மாதத்தில் வருவோர், விடியற்காலை ஏலத்தின் ஆரவாரத்தை முழுமையாகப் பார்க்க இயலாது. மீன் விலையும் ஏறியிருக்கும். வஞ்சிரம் வாங்கி விருந்து வைக்க நினைக்கும் இல்லத்தரசிகள் இதைக் கணக்கில் கொள்க. ஆயினும் கரையோரம் நெருங்கி நிற்கும் படகுகளுக்கு வண்ணம் பூசுவதையும், வலை பின்னுவதையும் காண அதுவே நல்ல சமயம். விருந்தினர் விவசாயக் குடும்பத்தவராயின், வருமானமின்றி இரண்டு மாதம் காத்திருப்பது என்னவென்று அவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

திருயாத்திரையாக ஒரு நாள் ஒதுக்கலாம். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீட்டிக்கப்பட்ட மெட்ரோ இரயிலில் திருவொற்றியூரில் ஏறினால், மாறாமலே சின்னமலையில் இறங்கலாம். தோமையார் மறைந்து வாழ்ந்ததாக மரபு கூறும் குகை அங்குள்ளது. அதே இரயிலில் மேலும் சென்று ஆலந்தூரில் மாறினால் பரங்கிமலை. அவர் வேத சாட்சியாக மரித்த இடமென்று போற்றப்படும் அம்மலை மீதுள்ள கற்சிலுவை 1547-இல் கண்டெடுக்கப்பட்டது. வெயில் ஏறுமுன் படிகளை ஏறிவிட வேண்டும். ஏழு மணிக்கு மலையடிவாரத்தில் இருந்தால் நல்லது. புளிச்சோற்றுப் பொட்டலமும் தண்ணீரும் கையில் இருந்தால் மதியச் செலவு இல்லை. சாந்தோமை இதே நாளில் திணிக்க வேண்டாம். சிறு பிள்ளைகள் சோர்ந்துவிடுவர்.

செவ்வாய்க்கிழமையில் அரண்மனைக்காரத் தெரு அந்தோனியாரை நாடிச் செல்லுங்கள். அன்று வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கு விடுமுறை. எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளியன்று விடுமுறை. இது தெரியாமல் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிய அனுபவம் நமக்கும் உண்டு. மாநகரச் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை. வெளியூர்ப் பெண்களுக்கும் அவ்வாறே. பத்துப் பேரில் ஆறு பேர் பெண்களாயிருந்தால் சேமிப்பு எவ்வளவு என்று நீங்களே பாருங்கள்.

பழவேற்காடு செல்வோரும் உளர். பொன்னேரி வரை மின்சார இரயில், பிறகு பேருந்து. மகிமை மாதா ஆலயமும் டச்சுக்காரரின் பழைய கல்லறைகளும் காணத்தக்கவை. ஏரியில் மட்டும் எவர் அழைத்தாலும் படகேற வேண்டாம். 2011 கிறிஸ்து பிறப்பு விழா அன்று உல்லாசப் பயணம் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டதை நாம் மறக்கவில்லை. எண்ணூர்க் கடலிலும் கழிமுகத்திலும் பிள்ளைகளைக் குளிக்க விடாதீர்கள். கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறைகள் வழுக்கும். 2017 ஜனவரியிலும் 2023 டிசம்பரிலும் எண்ணெய் படிந்து அந்நீர் பட்ட பாட்டை அங்குள்ள மீனவரே சொல்வர்.

மேற்சொன்ன திருவொற்றியூர்க் குடும்பத்துக்கு இவ்வாண்டும் விருந்தினர் வந்தனர். இம்முறை இரயிலும் பேருந்தும்தான். பரங்கிமலைக்குச் சென்ற அன்று வீட்டுக்காரரின் மூத்த மகள், கல்லூரியில் படிப்பவள், தானும் அம்மலையை அன்றுதான் முதன்முறை பார்த்ததாக நம்மிடம் சொன்னாள். பிறந்தது முதல் இந்நகரில் வாழ்பவள் அவள்.