மடியில் மறைந்த ஆயுதம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே கற்றோரும் மற்றோரும் ஓயாது வாதிட்டுவரும் பொருள்களுள் ஒன்று நம்மவர்க்கு விந்தையாகத் தோன்றக்கூடும். அன்றாடம் வீட்டைவிட்டு வெளியே செல்லும் ஒருவர், பிறர் கண்ணிற் படாதபடி ஆடைக்குள் மறைத்துச் செல்வதற்கு எத்தகைய கைத்துப்பாக்கி ஏற்றது? அதன் குழல் விட்டம் எவ்வளவாக இருத்தல் வேண்டும்? கைக்கடிகாரம் வாங்குபவர் அதன் பொறியை ஆராய்வது போல அங்குள்ளோர் இதனை ஆராய்கின்றனர். 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டத்துக்கு அமைய, அநுமதிப்பத்திரமின்றித் துப்பாக்கி வைத்திருக்கவியலாத இலங்கையில் வாழும் நமக்கு இவ்வாராய்ச்சி எதற்கென்று சிலர் வினவலாம். ஒரு சமுதாயம் தன் அச்சத்தை எவ்வாறு அளக்கின்றது என்பதை இதன் வாயிலாக நாம் அறியலாம் என்பது என் எண்ணம்.

முதலிற் சட்டத்தை நோக்குவோம். ஒரு காலத்திலே மறைத்து ஆயுதமேந்துதல் அமெரிக்காவிலும் ஐயுறவுக்கு உரியதாகவே இருந்தது. 1911இல் நியூயோர்க் மாநிலம் இயற்றிய சல்லிவன் சட்டம், மறைக்கத்தக்க சிறு சுடுகலனுக்கு அநுமதிப்பத்திரத்தைக் கட்டாயமாக்கிற்று. 1987இல் புளோரிடா மாநிலமோ, குறித்த தகைமைகள் உடையார் எவர்க்கும் பத்திரம் வழங்கியே ஆகவேண்டும் என விதித்தது. பல மாநிலங்கள் அவ்வழியிற் சென்றன. 2022 யூன் 23இல் அமெரிக்க உயர் நீதிமன்றம், புறூவன் வழக்கிலே, ஆயுதமேந்துவதற்குத் தனிப்பட்ட தக்க காரணம் காட்டுமாறு கேட்ட நியூயோர்க் விதியைச் செல்லாதாக்கியது. நீதியரசருள் அறுவர் ஒருபுறமும் மூவர் மறுபுறமும் நின்றனர். 2024இல் தென் கரோலினா சேர்ந்ததோடு, சட்டத்தால் தடைசெய்யப்படாத வளர்ந்தோர் பத்திரம் எதுவுமின்றியே மறைத்தேந்த இடமளிக்கும் மாநிலங்கள் ஐம்பதுள் 29 ஆயின. “உனக்கு இது எதற்கு?” என்று முன்னர் அதிகாரி கேட்ட கேள்வியை, இம்மாநிலங்களில் இனி வாங்குபவனே தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

தொழிற்சாலைகள் இம்மாறுதலைக் கூர்ந்து கவனித்தன. றூகர் நிறுவனம் 2008இல் வெளியிட்ட சட்டைப்பைத் துப்பாக்கியின் எடை ஏறத்தாழ 270 கிராம் மட்டுமே. 2018இல் சிக் சௌவர் நிறுவனம், அரைக் கிலோ அளவான எடையில், பத்துத் தோட்டாக்கள் கொள்ளும் 9 மில்லிமீற்றர்த் துப்பாக்கியொன்றை வெளியிட்டது. முன்னாளிலே இடர் வருமென்று அறிந்த நாளில் மட்டும் எடுத்துச் செல்லப்பட்ட பொருள், பணப்பையும் திறப்புக்கோவையும் போல நாள்தோறும் உடன்வரும் பொருளாயிற்று.

ஆயினும் சிறுமைக்கு ஒரு விலையுண்டு. ஒரே தோட்டாவைப் பாரமான துப்பாக்கியிலும் இலேசான துப்பாக்கியிலும் இட்டுச் சுட்டால், இலேசானதே கையைக் கடுமையாகப் பின்னுதைக்கும். குழல் குறுகக் குறுகக் குண்டின் வேகமும் குறையும். பிடி சிறிதானால் விரல்கள் பற்ற இடமிராது. மறைப்பதற்கு எளிதானது சுடுவதற்கு அரிதாகின்றது. பின்னுதைப்பிற்கு அஞ்சி 0.22 அங்குலத் தோட்டாவை நாடினால், விளிம்பிலே தட்டி வெடிக்கச்செய்யும் அவ்வகைத் தோட்டா சிலவேளை வெடியாது ஏமாற்றும். இடைநிலையான 0.380 தோட்டாவை நாடினால் வேறோர் இக்கட்டு எழுகின்றது. அதன் குண்டு விரிந்தால் ஆழச் செல்லாது. ஆழச் சென்றால் பெரும்பாலும் விரியாது. ஆதலாற் பலர் 9 மில்லிமீற்றரிலே வந்து நிற்கின்றனர்.

இவ்வாதத்தின் வேர் ஒரு துயர நிகழ்ச்சியில் உள்ளது. 1986 ஏப்பிரல் 11இல் மியாமி நகருக்கு அருகே, வங்கிக் கொள்ளையர் இருவரோடு நிகழ்ந்த சமரிலே மத்திய புலனாய்வுப் பணியகத்தார் இருவர் மாண்டனர், ஐவர் காயமுற்றனர். கொள்ளையருள் ஒருவன் மார்பிற் பாய்ந்த 9 மில்லிமீற்றர்க் குண்டு இதயத்தை எட்டாது நின்றமையால், அவன் தொடர்ந்து போரிட்டான். பணியகம் தோட்டாவின் மீது பழி சுமத்தியது. சோதனைக்குரிய கூழ்க்கட்டியிலே குண்டு 12 முதல் 18 அங்குலம் வரை பாயவேண்டும் என்று அளவுகோல் வகுத்தது. பெரிய தோட்டாவுக்கு மாறியது; அதன் உதைப்பு மிகையாயிருக்கவே, 1990இல் வெளிவந்த 0.40 அங்குலத் தோட்டாவைப் பின்னர் ஏற்றது. கால் நூற்றாண்டுக்கும் மேற்பட்ட இச்சுற்றின் முடிவு யாது? 2014இல் அதன் பயிற்சிப் பிரிவு வெளியிட்ட விளக்கம் மீண்டும் 9 மில்லிமீற்றரையே பரிந்துரைத்தது. குண்டின் அமைப்பு திருந்தியமை ஒரு காரணம். குறைந்த உதைப்புள்ள துப்பாக்கியாற் சுடுவோர் விரைவாகவும் குறிதவறாமலும் சுடுகின்றனர் என்பது மற்றொன்று. விட்டத்தைப் பற்றித் தொடங்கிய ஆராய்ச்சி இறுதியிற் கையின் பயிற்சியைப் பற்றிய ஆராய்ச்சியாக முடிந்தது.

சிறு தோட்டா வலுவற்றது என்போர்க்கு வரலாறு வேறொரு விடை கூறும். 1901இல் ஜனாதிபதி மக்கின்லியைக் கொன்றது, கைக்குட்டையால் மூடி மறைத்த 0.32 அங்குல றிவோல்வர். 1948 ஜனவரி 30இல் காந்தியடிகளின் உயிரைக் குடித்தது 9 மில்லிமீற்றர்க் குறுந்தோட்டா, அமெரிக்கர் 0.380 என்று அழைப்பது அதனையே. 1959 செப்டெம்பரிலே நம் பிரதமர் பண்டாரநாயக்காவை வீழ்த்திய றிவோல்வரும் ஆடைக்குள் மறைத்துக் கொணரப்பட்டதே. தாக்க வருபவனை உடனே நிறுத்துதல் ஒன்று. உயிரைப் போக்குதல் வேறொன்று. முன்னையதற்குச் சிறு தோட்டா போதாதிருக்கலாம். பின்னையதற்கு அது என்றும் போதுமானதாகவே இருந்து வந்துள்ளது.

துப்பாக்கி ஏந்துவோர் அனைவரையும் பித்தர் என்று இகழ்தல் நேர்மையன்று. 2023இல் பியூ ஆராய்ச்சி நிலையம் நடாத்திய கருத்தாய்விலே, துப்பாக்கி உடையோருள் நூற்றுக்கு 72 பேர் தற்காப்பையே முக்கிய காரணமாகக் கூறினர். பொலிஸ் நிலையம் பல மைல் தொலைவிலுள்ள பண்ணையிலே தனித்து வாழும் பெண்ணின் அச்சத்தைக் கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்துகொண்டு நான் எள்ளி நகையாடுதல் தகாது.

எனினும் அதே 2023இல் அந்நாட்டிலே துப்பாக்கியால் மாண்டோர் ஏறத்தாழ 46,700 பேர். அவருள் ஏறத்தாழ 27,300 பேர் தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டோர். தெருவிலே பதுங்கியிருக்கும் கள்வனை எண்ணி வாங்கிய கருவி, மனம் இருண்ட ஓர் இரவிலே தன் கைக்கு எட்டுவதாகவும் அமைகின்றது. இவ்விடரை எந்தக் கூழ்க்கட்டிச் சோதனையும் அளந்து காட்டாது.

மறைத்தேந்தத் துணிந்தவர் 9 மில்லிமீற்றரைத் தெரிவதிலே பொறியியல் நியாயம் உண்டு. தம் கைக்கு அடங்குவதைத் தெரிந்து, ஓயாது பயின்று, வீட்டிலே பூட்டி வைத்தல் அதனினும் மேலான நியாயம். ஆனால் இவற்றுக்கு முன்னர்க் கேட்கவேண்டிய கேள்வி, “என் சினமும் சோர்வும் என் ஆளுகைக்குள் உள்ளனவா?” என்பதே. அக்கேள்வியைத் தனிமனிதன் கையிலேயே விட்டுவிட்டு அரசு ஒதுங்கி நிற்றல் முறையன்று என்பது என் துணிபு. நம் நாட்டுச் சட்டம் அதனை இன்றும் கேட்கின்றது. அதனைத் தளர்த்தக் கோரும் குரல் என்றேனும் எழுமாயின், ஆசிரியரும் மாணவரும் முதலில் எண்ணிப் பார்க்கவேண்டியவை மேற்காட்டிய இரண்டு தொகைகளே.