இ.எஸ்.ஐ. உபரி யார் வீட்டுப் பணம்?

தொழிலாளிக்கும் சலுகை, முதலாளிக்கும் சலுகை என்று தம்பட்டம் அடித்து, 2019 ஜூலை 1 முதல் இ.எஸ்.ஐ. சந்தாவைக் குறைத்தது மத்திய சர்க்கார். நிதியில் பணம் மிஞ்சிக் கிடக்கும்போது குறைத்தால் என்ன என்று முதலாளிமார் கேட்கிறார்கள். கணக்கைப் பார்ப்போம்.

மாதம் 15,000 ரூபாய் வாங்கும் பஞ்சாலைத் தொழிலாளிக்கு முன்பு 1.75 சதவீதம் பிடித்தார்கள். அது 0.75 ஆயிற்று. அவருக்கு மிச்சம் 150 ரூபாய். முதலாளியின் பங்கு 4.75 சதவீதத்திலிருந்து 3.25க்கு இறங்கியது. ஆள் ஒன்றுக்கு 225 ரூபாய் மிச்சம். 500 பேர் வேலை செய்யும் மில்லில் வருஷத்துக்கு 13 லட்சத்து 50 ஆயிரம்! தொழிலாளியின் 150 ரூபாய் தனியார் டாக்டர் வாசலில் ஒரே நாளில் கரைந்துவிடும். முதலாளியின் பதின்மூன்றரை லட்சம் இரும்புப் பெட்டிக்குள் போய் உட்காரும். நிதிக்கு வந்துகொண்டிருந்த 100 ரூபாயோ சுமார் 62 ரூபாயாகச் சுருங்கியது.

உபரி எப்படி வந்தது?

தொழிலாளிக்கு நோயே வராததால் வந்ததா? டாக்டர் இல்லாத டிஸ்பென்சரிக்குச் சம்பளச் செலவு இல்லை. வாங்காத மருந்துக்குப் பில் இல்லை. கட்டாத ஆஸ்பத்திரிக்குச் செங்கல் செலவு இல்லை. செய்ய வேண்டிய வைத்தியத்தைச் செய்யாமல் விட்டால் கஜானா நிறையத்தானே செய்யும்? இது உபரி அல்ல. தொழிலாளிக்குத் தர வேண்டிய பாக்கி.

1911இல் பிரிட்டனில் வந்த சுகாதார இன்ஷூரன்ஸ் சட்டத்தில் வாரத்துக்குத் தொழிலாளி 4 பென்ஸ், முதலாளி 3 பென்ஸ், அரசு 2 பென்ஸ் கொடுத்தன. அந்த முதலாளித்துவ சர்க்காரே தன் பங்கைக் கொடுத்தது! 1948இல் இங்கே இ.எஸ்.ஐ. சட்டம் இயற்றியவர்கள், முதல் ஐந்து வருஷ நிர்வாகச் செலவில் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் மத்திய சர்க்கார் தலையில் வைத்தார்கள். பிறகு அதுவும் இல்லை.

1952 பிப்ரவரி 24ஆம் தேதி கான்பூரிலும் டில்லியிலும் திட்டம் துவங்கியது. நாங்கள் மட்டும் கட்டினால் அடக்கவிலை ஏறுமே என்று அவ்வூர் முதலாளிகள் ஒப்பாரி வைத்தார்கள். அதற்காக 1951இலேயே சட்டத்தைத் திருத்தி, திட்டம் வந்த ஊர் முதலாளிக்குக் கூலித் தொகையில் 1.25 சதவீதம், வராத ஊர் முதலாளிக்கு 0.75 சதவீதம் என்று விதித்தார்கள். மதுரை மில் முதலாளிகளும் அதற்குத் தப்பவில்லை. அதனால் நூற்பு நின்றா போயிற்று? தொழிலாளியின் பெண்டு பிள்ளைகளுக்கு வைத்தியம் கிடைக்கவோ 1958 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் படிப்படியாகத்தான்.

இப்போது அந்தப் பணம் எங்கே போகிறது? உபரியில் 5 சதவீதத்தில் துவங்கி 15 சதவீதம் வரை பங்குச் சந்தையில் போடலாம் என்று 2022 டிசம்பரில் இ.எஸ்.ஐ. கார்ப்பரேஷன் முடிவெடுத்தது. வைத்தியத்துக்குச் சேர்த்த காசு சூதாட்டத்துக்கா?

நமது கோரிக்கைகள் நியாயமானவை. முதலாளியின் பங்கைப் பழைய 4.75 சதவீதத்துக்கு உயர்த்து! மத்திய சர்க்காரே, உன் பங்கைக் கொடு! உபரியை டாக்டராகவும் மருந்தாகவும் படுக்கையாகவும் மாற்று!

அரப்பாளையம், பசுமலை, கப்பலூர் தொழிலாளத் தோழர்களே! சம்பளச் சீட்டில் பிடித்த ஒவ்வொரு காசுக்கும் கணக்குக் கேளுங்கள். தனித்தனியாகக் கேட்டால் ஜன்னலை மூடுவார்கள். சங்கமாகத் திரண்டு கேட்போம்!