கேள்வி இல்லாத கல்வி

ஆண்டுதோறும் நம் சங்க விழாவில் ஒரு காட்சி தவறாமல் நடைபெறுகின்றது. பொதுத்தேர்வில் உயர்ந்த மதிப்பெண் பெற்ற நம் பிள்ளைகள் மேடையில் வரிசையாக நிற்கின்றனர், தலைவர் பொன்னாடை போர்த்துகின்றார், தமிழன் அறிவிற் சிறந்தவன் என்று ஒருவர் முழங்குகின்றார், நாமும் கைதட்டுகின்றோம். கைதட்டி ஓய்ந்தபின் நெஞ்சில் ஓர் ஐயம் எழுகின்றது. அப்பிள்ளைகளின் உழைப்பில் நமக்கு ஐயமில்லை. நம் கைதட்டலில்தான் ஐயம். நாம் பாராட்டியது அறிவையா, மதிப்பெண்ணையா? இரண்டும் ஒன்றே என எண்ணிக்கொண்டு இத்தனை ஆண்டுகளை இம்மும்பை மாநகரிற் கழித்துவிட்டோமோ?

நாம் தத்துவம் பயின்றவர்கள் அல்லோம். கோப்புகளைப் புரட்டியும் கணக்குகளைச் சரிபார்த்தும் காலந்தள்ளியவர்கள். மின்தொடர் வண்டியில் நின்றபடியே சிந்திக்கப் பழகியவர்கள். 'அறிவென்பது யாது என ஆராய்வது பேராசிரியர்களின் வேலை, உமக்கேன் அது?' என்று சிலர் கேட்கக்கூடும். அக்கேள்வியைத்தான் நாம் மறுக்கின்றோம். உண்பதற்கு ஒருவன் சமையற்கலை பயின்றிருக்க வேண்டியதில்லை. சிந்திப்பதற்கும் பட்டம் வேண்டியதில்லை.

திருக்குறளின் அதிகார வரிசையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். 40-ஆம் அதிகாரம் கல்வி, 41 கல்லாமை, 42 கேள்வி, 43 அறிவுடைமை. கல்வியிலிருந்து அறிவுடைமைக்குப் போகும் வழியில் கேள்வி நிற்கின்றது. அங்கே அதற்குக் கற்றறிந்தோர் சொல்லைச் செவிமடுத்தல் என்பது பொருள். இன்று நாம் அச்சொல்லை வினாவுக்கு வழங்குகின்றோம். நம் மொழியில் கேட்டல் என்ற ஒரே சொல் செவிக்கும் உரியது, வாய்க்கும் உரியது. பிறர் சொல்வதைக் கேட்கத் தெரியாதவனுக்கு நல்ல கேள்வி கேட்கவும் தெரியாது. இக்கேள்வியை நீக்கிவிட்டுக் கல்வியிலிருந்து நேரே அறிவுக்குத் தாவ முயல்கின்றோமே, அதுவே நாம் செய்யும் பிழை.

கேள்வியின் வலிமைக்கு நம் வரலாற்றிலேயே சான்று உண்டு. 1880-ஆம் ஆண்டு கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையர், அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். தாம் பயின்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் ஐயர் அடுக்கினார். முதலியாரோ அவற்றால் நிறைவுறாமல், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என வினவினார். கேட்டவர் தமிழாசிரியர் அல்லர். வழக்குகளைத் தீர்க்கும் அலுவலர். கேட்கப்பட்டவரோ பெரும்புலவர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கர். 'இவர் யார் நம்மைக் கேட்பதற்கு?' என்று ஐயர் சினந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். படித்ததில்லை என்று ஒப்புக்கொண்டார், தேடினார், 1887-இல் சிந்தாமணி அச்சேறியது. அலுவலர் ஒருவரின் கேள்வியும் புலவர் ஒருவரின் ஒப்புதலும் கூடியதன் விளைவு அது.

இனி நம் இல்லங்களுக்கு வருவோம். ஐந்து வயதுக் குழந்தை ஓயாமல் 'ஏன்?' என்று கேட்கின்றது. பதினைந்து வயதில் அதே பிள்ளை ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றது: 'இது தேர்வுக்கு வருமா?' இடைப்பட்ட பத்து ஆண்டுகளில் அந்த 'ஏன்' எங்கே போயிற்று? பள்ளியின்மீது மட்டும் பழிபோட வேண்டா. பாடத்தில் இல்லாததைக் கேட்டு நேரத்தை வீணாக்காதே என்று அதட்டியவர்கள் நாமே.

அறிவு பாடநூலில் மட்டுமே உறைகின்றது என்ற எண்ணம் நம் வீட்டு அடுக்களையையே அறியாமையின் இடமாக்கிவிட்டது. இட்டிலி மாவைப் பாருங்கள். அரிசியையும் உளுந்தையும் ஊறவைத்து அரைத்து மூடிவைத்தால், கண்ணுக்குப் புலனாகா நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கச் செய்கின்றன, அவை வெளியிடும் வாயுவை உளுந்தின் பசைத்தன்மை பிடித்து வைத்துக்கொள்கின்றது, மாவு பொங்குகின்றது. வெப்பம் மிகுந்தால் விரைவிற் புளிக்கும். குறைந்தால் பொங்கக் காலம் பிடிக்கும். தில்லியின் மார்கழிக் குளிருக்குக் குடிபெயர்ந்த தமிழ்த்தாய், மாவுப் பாத்திரத்தைக் கம்பளியாற் போர்த்தி வைக்கின்றாள். சூழலைக் கண்டு, காரணத்தை ஊகித்து, முறையை மாற்றி, பயனைச் சோதித்துப் பார்க்கின்றாள். ஆய்வுக்கூடத்தில் நடைபெறுவதும் இதுதான் அல்லவா? ஆயினும் அவளைக் கேட்டால் 'எனக்கென்ன தெரியும், நான் படிக்காதவள்' என்பாள். அவ்வாறு சொல்ல அவளைப் பழக்கியது யார்?

வாயிற்கோலத்தின் கதையும் இத்தகையதே. 1974-ஆம் ஆண்டு சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் உடன் ஆய்ந்தோரும், கோலங்களின் அமைப்பைக் கணித முறையில் இலக்கணமாக வகுத்துக் கட்டுரை வெளியிட்டனர். கணினி அறிவியலார் அதனை மதித்துப் பயின்றனர். புள்ளி தவறாமல் நாள்தோறும் கோலமிட்ட நம் அன்னையருக்கு அவ்விலக்கணத்தின் பெயர் தெரியாது; ஒழுங்கு தெரியும். பெயர் சூட்டியவர்களின் பெருமையை நாம் குறைக்கவில்லை. பெயர் சூட்டப்படும்வரை அதை அறிவென்று நாம் ஒப்பவில்லையே என்பதுதான் நம் வருத்தம்.

இதனினும் கசப்பான ஓர் உண்மை உண்டு. மாதுங்காவிலிருந்து தாராவி நடந்தே செல்லக்கூடிய தொலைவு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதலே திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழர்கள் அங்கே தோல் பதனிட்டனர். தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து மயிர் களைந்து, மரப்பட்டைகளின் துவர்ப்பை ஊட்டிப் பக்குவப்படுத்துவது பழைய முறை. தமிழகத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இதற்குப் பெயர்பெற்றவை. அத்துவர்ப்பு தோலின் புரதத்தோடு பிணைந்து அதனை அழுகாமற் காக்கின்றது. இது வேதியியல் அன்றி வேறென்ன? நம் மகன் இதையே கல்லூரியிற் பயின்றால் பொன்னாடை போர்த்துகின்றோம். கைகளைச் சுண்ணாம்புக்குத் தின்னக் கொடுத்து இதனைச் செய்தவரை மேடையில் ஏற்றினோமா? முன்வரிசையிலேனும் அமர்த்தினோமா? இங்கே நம்மைத் தடுப்பது பட்டமின்மை மட்டுமன்று, சாதியுமாகும். மூட்டை முடிச்சுகளோடு அதனையும் ஊரிலிருந்து சுமந்து வந்தோம். மதிப்பெண் என்னும் புதுத்துணியால் அதனைப் போர்த்தி வைத்திருக்கின்றோம். தமிழால் ஒன்றுபட்டோம் என முழங்கும் நாவு இவ்விடத்திற் சற்றுத் தயங்கவேண்டும்.

'பட்டந்தானே நமக்குச் சோறு போட்டது? அதனை இகழலாமோ?' என அன்பர் சிலர் வினவுவர். உண்மை, நாம் அதனை இகழவில்லை. அயலூரில் கைப்பொருள் இன்றி வந்திறங்கியவனுக்குச் சான்றிதழே துணையாயிற்று. நுழைவுச்சீட்டின்றி அரங்கினுள் விடமாட்டார்கள் என்பது மெய்யே. அதற்காக நுழைவுச்சீட்டையே நாடகமென்று பார்த்துக்கொண்டிருப்பார் உண்டோ?

மற்றொரு சாரார் வேறு திசையிற் பாய்வர். 'அனைத்தையும் நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர்; மேனாட்டார் பின்னரே கண்டனர்' என்பர். இதுவும் கேள்வியைக் கொல்லும் வழியே. பழமை என்பதனால் ஒன்று அறிவாகிவிடாது. ஆராய்ந்து ஏற்கத்தக்கதை ஏற்றுத் தள்ளத்தக்கதைத் தள்ளுவதே அறிவு. குளிரைக் கண்டு முறையை மாற்றிய அந்தத் தாய், முன்னோர் வழக்கை அப்படியே பின்பற்றியவள் அல்லள். மாற்றத் துணிந்தமையாலேதான் அவளை அறிவுடையாள் என்கின்றோம்.

ஆகவே நம் சங்கத்தார்க்கு மூன்று வேண்டுகோள்கள். அடுத்த விழாவில் மதிப்பெண் பெற்ற பிள்ளைகளை அழைப்பதுபோலவே, விடியுமுன் எழுந்து இட்டிலி அவித்து இந்நகரத் தெருக்களில் விற்கும் தாராவித் தமிழரையும், தோல் தைக்கும் தொழிலாளரையும் மேடைக்கு அழைப்போம். பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடாமல் அவர்களைப் பேசச் சொல்லி நாம் கேட்போம். இம்மலரின் பக்கங்களில் சில, எழுதப் பழகாதவர் சொல்ல மற்றொருவர் எழுதிய கட்டுரைகளுக்கு உரியவை ஆகட்டும். மூன்றாவது வேண்டுகோளுக்குத் தீர்மானமும் வேண்டா, நன்கொடையும் வேண்டா. இன்றிரவு உணவின்போது நம் பிள்ளை 'ஏன்?' என்று கேட்டால், விடை தெரிந்தால் சொல்வோம். தெரியாவிடில் 'எனக்குத் தெரியவில்லை, சேர்ந்து தேடுவோம்' என்போம். கும்பகோணத்தில் ஒரு தமிழாசிரியர் தம் அறியாமையை ஒப்பக் கூசவில்லை. நாம் மட்டும் நம் பிள்ளைகளின் முன் கூசுவானேன்?