கீழாநெல்லியும் கொழுப்பேறிய ஈரலும்

இக்காலத்தில் நம் இல்லங்களில் அடிக்கடி காதில் விழும் சொற்களுள் ஒன்று 'ஃபேட்டி லிவர்'. வயிற்று வலிக்கென்றோ, உடற்பரிசோதனைக்கென்றோ ஸ்கேன் எடுத்துக்கொண்டவர்கள், ஈரலில் கொழுப்புப் படிந்திருப்பதாக எழுதிய தாளோடு வீடு திரும்புகின்றனர். அன்று மாலையே அண்டை வீட்டார் வைத்தியம் சொல்லத் தொடங்குகின்றனர்: "கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து குடியுங்கள், ஈரலுக்கு அதைவிட வேறு மருந்து ஏது?" நல்லெண்ணத்தோடு கூறப்படும் இவ்வறிவுரை எவ்வளவு பொருந்தும் என்பதை இத்திங்கள் சிந்திப்போம்.

கீழாநெல்லியைப் பழிப்பது நம் நோக்கமன்று. மஞ்சட்காமாலைக்கு அது தலைமுறை தலைமுறையாய் நம் ஊர்களில் வழங்கிவரும் மருந்து. ஆயினும் ஒன்றைக் கருத வேண்டும். அசுத்த நீராலும் உணவாலும் பரவும் காமாலை, பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் தானே தணியும் இயல்புடையது. நோயாளி ஓய்வெடுக்கிறார், பத்தியம் காக்கிறார், கீழாநெல்லியும் அருந்துகிறார், குணமடைகிறார். புகழ் முழுவதும் மூலிகைக்கே போய்ச் சேருகிறது! கொழுப்பேறிய ஈரலோ அவ்வாறு தானே தணியும் நோயன்று. அது வந்த வழி அடைபடாத வரையில், ஓசையின்றி ஆண்டுக்கணக்கில் வளரும்.

அறிவியல் இம்மூலிகையைப் புறக்கணித்துவிட்டது என்றும் எவரும் எண்ணவேண்டா. ஹெப்படைட்டிஸ் 'பி' கிருமியை உடலில் தாங்கியிருந்தோர்க்குச் சென்னையில் இதனை 30 நாள் கொடுத்து ஆராய்ந்தனர். 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் அக்கிருமியின் அடையாளம் பின்னர்க் காணப்படவில்லை என்று 1988-இல் வெளிவந்த அறிக்கை கூறிற்று. அக்கிருமியைக் கண்டறிந்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க் என்பவரும் அவ்வாராய்ச்சியில் பங்கு கொண்டிருந்தார். ஆனால் பிற இடங்களில் நடந்த சோதனைகளில் அப்பலன் கிட்டவில்லை. அன்றியும், அங்கு ஆராயப்பட்டது கிருமி, கொழுப்பு அன்று. ஈரல் ஒன்றேயாயினும் அதற்கு வரும் நோய்கள் பல. ஒரு நோய்க்குரிய மருந்தை மற்றொன்றுக்குக் கொடுப்பது, ஒரு பூட்டின் சாவியால் மற்றொன்றைத் திறக்க முயல்வதாகும்.

கொழுப்பு ஈரலுக்கு எவ்வாறு வந்து சேருகிறது? உடல் செலவிடுவதைவிட மிகுதியாய் உண்ணும் சோறும் இனிப்பும் பலகாரமும் கொழுப்பாக மாறுகின்றன. அவற்றைச் சேமிக்கும் இடங்கள் நிறைந்தபின் ஈரலிலும் தங்குகின்றன. பெருத்த வயிறும் நீரிழிவும் இந்நோயின் நெருங்கிய உறவினர். மது இதற்குப் பெருங்காரணமே. எனினும் மதுவைத் தொடாதவர்க்கும் இது வருகிறது. இப்பிரிவை மது சாராத கொழுப்பு நோய் என்று முன்பு அழைத்து வந்தனர். 2023-இல் மருத்துவர்கள் இதற்கு, உடலின் வளர்சிதை மாற்றக் கோளாற்றைச் சுட்டும் புதுப்பெயர் சூட்டினர். பலருக்குக் கொழுப்போடு நின்றுவிடுகிறது. சிலருக்கோ அழற்சியாகி, தழும்பாகி, ஈரல் சுருங்கும் சிரோசிஸ் வரை செல்கிறது. புற்றுநோய்க்கும் வழி திறக்கிறது.

"மூலிகைதானே, பலன் இல்லாவிடினும் கேடில்லை" என்பர் சிலர். இது ஆபத்தான எண்ணம். நாம் விழுங்கும் பெரும்பாலான பொருள்களைப் பகுத்துச் சுத்திகரிக்கும் வேலை ஈரலுடையது. மூலிகைச் சாறும் அதற்கு விலக்கன்று. கொரோனாக் காலத்தில் நோயெதிர்ப்பு ஆற்றலுக்கென்று பலர் சீந்திற்கொடியை நாள்தோறும் அருந்தினர். அவ்வாறு அருந்தி ஈரல் பாதிக்கப்பட்ட அறுவரைப்பற்றி மும்பை மருத்துவர்கள் 2021-இல் எழுதினர். பல நகரங்களில் கண்ட 43 பேரைப்பற்றிய அறிக்கை 2022-இல் வந்தது. அது சீந்திலைப் போன்ற வேறொரு கொடியாக இருக்கலாம் என ஆயுஷ் அமைச்சகம் மறுப்புத் தெரிவித்தது. அவ்வாறே ஆயினும், தேர்ந்தவர்க்கும் மயக்கம் தரும் செடியை நாம் வேலியோரம் பறித்து அரைக்கலாமா?

அப்படியாயின் வழி யாது? எடையைக் குறைப்பதே. நூற்றுக்கு 5 பங்கு எடை குறைந்தாலே ஈரற்கொழுப்பு குறையத் தொடங்கும். 7 முதல் 10 பங்கு குறையின் அழற்சியும் தணியக்கூடும். 80 கிலோ எடையுள்ளவர்க்கு 5 பங்கென்பது 4 கிலோ மட்டுமே. பட்டினி கிடந்து அவசரமாகக் குறைத்தலும் ஈரலுக்கு நன்றன்று. சோற்றின் அளவைக் குறைத்துக் காய்கறியும் பயறும் கூட்டுக. சர்க்கரைப் பானங்களை விடுக. மதுவை அறவே ஒழிக்க. நாள்தோறும் அரைமணி நேரம் விரைந்து நடக்க.

மூலிகை அருந்துவோர், அதனை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். அதை நம்பி நீரிழிவு மாத்திரையை நிறுத்தாதீர்கள். கண் மஞ்சளித்தாலும் சிறுநீர் கறுத்தாலும் கஷாயத்தை அக்கணமே நிறுத்தி மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இறுதியாக இல்லத்தார்க்கு ஒரு சொல். தந்தைக்கு மட்டும் கோதுமைக் கஞ்சியும் மற்றவர்க்குப் பொரியலும் பாயசமுமாய் இரண்டு சமையல் செய்யும் வீட்டில் பத்தியம் பத்து நாள் நிலைப்பதில்லை. ஒருவர் பொருட்டுக் குடும்பம் முழுவதும் உணவை மாற்றிக்கொள்ளும் வீட்டில்தான் அது நிலைக்கும். அந்நோயாளிக்கு நீங்கள் கொடுக்கக்கூடிய உயர்ந்த மருந்து அதுவே. பிள்ளைகளின் ஈரலையும் அதுவே காக்கும்.