டீச்சருக்குத் தெரியாத மூஞ்சியா?

செயற்கை நுண்ணறிவு வந்தா பெண்கள் முன்னேறிடுவாங்கன்னு நகரத்துல பேசுறீங்க. எங்க வெம்பக்கோட்டை பக்கம் அது முதல்ல வந்தது சத்துமாவு வாங்குற இடத்துக்குத்தான்.

2025 ஜூலை 1 முதல், போஷன் டிராக்கர் செயலியில் முகம் பொருந்தினால்தான் தாய்மாருக்குச் சத்துமாவு. ஓடிபியும் கேட்கும். திருட்டுக்கணக்கு ஒழியும், நல்லதுதான்.

ஆனா சரம் பின்னப் போற பொம்பளைக்கு எண்ணிக்கைக்குத்தான் கூலி. முகம் காட்ட வந்தா அது போச்சு. பட்டாசு ஆலைக்குள்ள போனுக்கு அனுமதி இல்லை. வீட்டுல இருக்கிற ஒரே போனும் பல நேரம் வீட்டுக்காரர் சட்டைப்பையில.

தினம் பார்க்குற அங்கன்வாடி டீச்சருக்கு அவ மூஞ்சி தெரியாதா? மெஷின் மறுத்தா டீச்சர் கையெழுத்தே போதும்னு வைங்க. சமத்துவத்தை அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.