பத்து ஊர், பதினைந்து புள்ளி



போன இதழுக்கு வந்த கடிதங்களை மேசையில் பரப்பி வைத்து வாசித்துக்கொண்டிருந்தேன். கையால் எழுதப்பட்டவை ஏழு. மற்றவை தொலைபேசியில் தட்டி அனுப்பியவை. அவற்றையும் ஒன்று விடாமல் வாசித்தேன். அன்பில் அவை ஒரு சொட்டும் குறைந்தவை அல்ல. ஆனால் அந்த ஏழு தாள்களிலும் என் கண் ஓரிடத்தில் நின்றுவிட்டது. ஏழு பேரும் ஏழு விதமாகப் புள்ளி வைக்கிறார்கள். ஒருவர் சின்ன வட்டமாகச் சுழிக்கிறார். ஒருவர் சாய்த்து இழுக்கிறார். பாலமுனையிலிருந்து எழுதும் மாணவி ஒருத்தி, தாளின் பின்பக்கத்தில் விரலால் தடவினால் தெரியும்படி அழுத்திக் குத்துகிறாள். அந்தப் புள்ளிகளைப் பார்த்ததும் என் பேனையைப் பற்றி உங்களுக்கு எழுத வேண்டும் போலிருந்தது.

அது பவுண்டன் பேனை. என் தம்பியின் மகன் சென்னையிலிருந்து வரும்போது கொண்டுவந்து தந்தது; நான் கேட்டு வாங்குவித்தது. இலைப்பச்சையும் செம்மஞ்சளும் ஒன்றுக்குள் ஒன்று ஓடிக் கலந்த உடல். மருதமுனைத் தறியில் இறக்கிய சேலையொன்றை இறுக முறுக்கிப் பிடித்தால் நிறங்கள் எப்படித் தெரியுமோ, அப்படி. தடித்த பேனைதான், ஆனால் கையில் பாரமில்லை. உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் இலேசாக இறப்பர் மணக்கும்.

மணக்கத்தான் வேண்டும், ஏனென்றால் அது இறப்பர். இறப்பரில் கந்தகத்தை மிகுதியாகச் சேர்த்து நெடுநேரம் வேகவைத்தால் அது இழுபடும் தன்மையை இழந்து மரம்போல் இறுகிவிடும். அதுதான் எபொனைட். பல நிறத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து உருட்டி வேகவைப்பதால், ஒரு பேனையின் நிற ஓட்டம் இன்னொன்றில் வராது. அந்தக் கோலைக் கடைசல் பொறியில் பூட்டி, உளியால் கடைந்து, உள்ளே குடைந்து, மரை வெட்டிப் பேனையாக்குகிறார்கள். இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து 1876இல் வந்த இறப்பர்க் கன்றுகள் கம்பஹா ஹெனரத்கொடத் தாவரத் தோட்டத்தில்தான் நடப்பட்டன. நம் தீவு இறப்பர் தீவானது அதன் பிறகுதான். அந்த வழியில் பார்த்தால் இந்தப் பேனை எனக்கு அந்நியமில்லை.

கடல் கடந்து வரும் பேனைகளுக்கு ஈடாக நம் பக்கத்திலேயே ஒன்று செய்யலாம் என்று காட்டியவர் ஆந்திரத்து ராஜமன்றியைச் சேர்ந்த ரத்னம். அவர் செய்த பேனையைக் காந்தியிடம் கொண்டு சேர்த்தவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா. கிராமக் கைத்தொழில்களுக்காகவே வாழ்ந்த மனிதர். காந்தி அதை எழுதிப் பார்த்துவிட்டு, கடைகளில் விற்கும் வெளிநாட்டுப் பேனைகளுக்கு இது நல்ல மாற்று என்று 1935 ஜூலையில் ரத்னத்துக்குக் கடிதம் எழுதினார். எழுதிப் பார்த்த பிறகே அப்படிச் சொன்னார் என்பது எனக்குப் பிடித்த செய்தி. ராஜமன்றியிலும் திருவள்ளூரிலும் சென்னையிலும் இன்றும் கையால் பேனை கடைகிறவர்கள் இருக்கிறார்கள்.

நானும் எழுதிப் பார்த்தேன். நிறத்தில் மயங்கிய மனம் முதல் வரியிலேயே விழித்துக்கொண்டது.

நிப்பை நான்தான் தேர்ந்தெடுத்திருந்தேன். நுனி உருண்டையாக இல்லாமல் தட்டையாக வெட்டிய நிப்பு அது, அகலம் 1.1 மில்லிமீற்றர். கீழ்நோக்கி இழுத்தால் கோடு தடிக்கும், பக்கவாட்டில் இழுத்தால் மெலியும். பாடசாலைக் காலத்தில் சான்றிதழ்களில் மாணவர் பெயரை அப்படித் தடித்தும் மெலிந்தும் எழுதுவார்கள். ‘ப’வின் இரண்டு தூண்களும் தடித்து நிற்க, அடிக்கோடு நூலாக ஓடும். என் கையெழுத்தும் அப்படி அமையவேண்டும் என்பது என் நாற்பது வருட ஆசை.

பேனையைச் சோதிக்க எதை எழுதுவது? திருக்கோவிலிலிருந்து கல்முனைக்கு பஸ் ஏறினால் வழியில் வரும் ஊர்களை எழுதினேன். திருக்கோவில், தம்பிலுவில், அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, பாலமுனை, ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை. நீங்களும் எழுதி எண்ணிப் பாருங்கள். பத்து ஊர், பதினைந்து புள்ளி. அக்கரைப்பற்றுக்கு மட்டும் மூன்று. பாலமுனைக்கும் காரைதீவுக்கும் ஒன்றுகூட இல்லை.

பதினைந்தில் நான்கு விழவேயில்லை. விழுந்த பதினொன்றும் புள்ளிகளாக இல்லை, குட்டிக் கோடுகளாகக் கிடந்தன. ‘னை’, ‘ளை’ இரண்டிலும் சுழியின் கண் மையால் அடைபட்டுப் போயிருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் அழகு, கிட்டப் போனால் வாசிக்க முடியாது.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. பேனையை எப்படி மதிப்பிடுவது என்று சொல்லும் ஆங்கிலக் குறிப்புகள் பெரும்பாலும் வளைவு, வழுக்கல், கோட்டின் அகலம் என்றே பேசும். தமிழ் எழுதுகிறவருக்கு அது போதாது. நம் எழுத்தில் பேனை அடிக்கொரு தரம் தாளிலிருந்து எழும்பி, மேலே போய், ஒரு கணம் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். இழுத்து எழுதும்போது நிப்பு தன் பிழையை மறைத்துக்கொள்ளும். தொட்ட கணத்தில் மை வராவிட்டால், புள்ளி அதைக் காட்டிக் கொடுத்துவிடும்.

கருவிக்காகப் புள்ளியை விட்டுக்கொடுத்த காலமும் நமக்கு இருந்தது. எழுத்தாணியால் ஓலையில் குத்தினால் ஓலை ஓட்டையாகும் என்று ஏடு எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளியே வைக்கவில்லை. இலக்கணத்தில் புள்ளி இருந்தது, ஏட்டில் இல்லை. ஓர் எழுத்து மெய்யா உயிர்மெய்யா என்று தெரியாமல் பழைய நூல்களைப் பதிப்பித்த பெரியவர்கள் ஒவ்வொரு சொல்லிலும் பட்டபாடு கொஞ்சமல்ல. ஓலைக்கு வேறு வழி இருக்கவில்லை. என் கையிலிருப்பது உலோகம். உலோகத்தைத் தேய்த்து மாற்றலாமே?

பேனையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அதே பத்து ஊர் வழி. காரைதீவு வந்ததும் எழுந்து நின்று வெளியே பார்ப்பது என் வழக்கம். 1892இல் அங்கே பிறந்த விபுலாநந்த அடிகள் யாழின் நரம்புகளைக் கணக்கிட்டுக் கணக்கிட்டுப் பல ஆண்டுகள் உழைத்து எழுதிய ‘யாழ் நூல்’ 1947இல் வெளிவந்தது. அதே ஆண்டில் அடிகளும் மறைந்தார். மறைந்துபோன ஓர் இசைக்கருவியைத் தமிழ்ப் பண்ணுக்குப் பொருந்தும்படி மீண்டும் காண முயன்றவர் அவர். கைப்பையை இறுகப் பிடித்தபடி அன்று அதை நினைத்துக்கொண்டேன்.

கல்முனைக் கடைத்தெருவில் கைக்கடிகாரம் திருத்தும் காக்கா ஒருவர் இருக்கிறார். எழுபது வயதைத் தாண்டியவர். முன்பெல்லாம் பேனையும் திருத்துவார். நான் பேனையை நீட்ட, அவர் வாங்கவில்லை.

“டீச்சர், பேனையப் பொறகு பாப்பம். முதல்ல நீங்க எழுதுறதப் பாக்கணும். ஒரு வரி எழுதுங்க.”

அந்தப் பத்து ஊரையும் எழுதினேன். தாளைப் பார்க்காமல் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எழுதக்குள்ள உங்கட கை உள்பக்கமாத் திரும்புது. நிப்பு தட்டை. ஒரு மூலை தாள்ல பட, மத்த மூலை தூக்கிக்கிடக்கு. வெடிப்பு நடுவுலதானே இருக்கு? அது தாளைத் தொடாட்டி மை எப்படி வரும்?”

பவுண்டன் பேனையின் முழு இரகசியமும் அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது. நிப்பின் நடுவிலுள்ள வெடிப்பு நுனிக்குப் போகப் போக ஒடுங்கும். ஒடுக்கத்தை நோக்கி மை தானாகவே ஏறும், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல. அடியிலுள்ள நாக்கில் சிறு வாய்க்கால்கள் உண்டு. மை இறங்க இறங்க அதே வழியால் காற்று மேலே போகும். 1884இல் நியூயோர்க்கில் வாட்டர்மன் காப்புரிமை பெற்றது இந்த ஏற்பாட்டுக்குத்தான். இத்தனையும் சரியாக இருந்தாலும், வெடிப்பின் நுனி தாளைத் தொட்டால்தான் எழுத்து.

காக்கா கண்ணில் உருப்பெருக்கியைப் பொருத்திக்கொண்டு நிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருடைய வாப்பா அரபுத் தமிழ் எழுதுகிறவராம். மூங்கில் குச்சியைச் சீவிக் ‘கலம்’ என்னும் எழுதுகோல் செய்வாராம்.

“அரபுக்குக் கலத்தைச் சரிச்சு வெட்டணும் டீச்சர். அப்பதான் அந்த எழுத்து படுத்து எழும்பும். தமிழுக்கு அப்படி வெட்டினா உருண்டையெல்லாம் கோணிரும். நேராவே வெச்சுத் தாறன். அகலத்தக் கொறச்சு, மூலைய மழுக்கிருவம். ஆனா ஒண்டு, தேய்ச்சாத் தேய்ச்சதுதான். திருப்பி ஒட்ட ஏலா.”

நுண்ணிய சாணைக்கல்லில் தண்ணீர் விட்டு, நான் பிடிக்கும் அதே சாய்வில் நிப்பைப் பிடித்து, எட்டு வடிவில் தேய்த்தார். நாலைந்து சுற்று. துடைத்தார். எழுதச் சொன்னார். மறுபடி நாலைந்து சுற்று. நிப்பின் நுனியிலிருக்கும் உலோகம் ஒரு கடுகளவுகூட இல்லை. அதில் அவசரப்பட்டால் நிப்பே போய்விடும். ஒன்றரை மணி நேரம் அப்படியே போனது. தேநீர் வந்தது, ஆறியது. முடிவில் அகலம் 0.7 மில்லிமீற்றருக்கு வந்திருந்தது. மூலைகள் மழுங்கியிருந்தன.

அவர் ஒரே ஒரு சொல்லை எழுதிப் பார்த்தார்: கல்முனை. ‘ல்’லின் மேல் புள்ளி சுத்தமாக விழுந்தது. ‘னை’யின் கண்கள் திறந்திருந்தன. பிறகு நான் பத்து ஊரையும் எழுதினேன். பதினைந்து புள்ளியும் இருந்தன.

நண்பர்களே, உங்களில் யாராவது பவுண்டன் பேனை வாங்க நினைத்தால் என் அனுபவத்தைச் சொல்கிறேன். நிறம் உங்கள் மனத்துக்குப் பிடித்ததாக இருக்கட்டும், அதில் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. நிப்பை மட்டும் உங்கள் ஊர்ப்பெயரால் சோதியுங்கள். அழுத்தாமல், பேனையின் சொந்தப் பாரத்திலேயே எழுதுங்கள். மூடியைக் கழற்றி ஒரு நிமிடம் சும்மா வைத்துவிட்டு, பிறகு ஒரு புள்ளி வையுங்கள். ‘ண’, ‘ஞ’, ‘ஐ’ மூன்றையும் உங்கள் வழக்கமான அளவில் எழுதிக் கண்கள் திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள். கடையிலிருக்கும் வழுவழுப்பான தாளில் எழுதிப் பார்த்து ஏமாறாமல் உங்கள் அப்பியாசக் கொப்பியையே கொண்டுபோங்கள். துளிக்குழாயால் மை நிரப்பும் பேனையானால், மை அடிமட்டத்துக்கு வருமுன் நிரப்பிவிடுங்கள். நம் வெயிலில் கைச்சூடு பட்டு உள்ளே இருக்கும் காற்று விரிந்தால், பேனை மையைக் கக்கிவிடும். எபொனைட் பேனையை ஜன்னலோர வெயிலில் விடாதீர்கள், நிறம் மங்கிப் பழுப்பேறும்.

மையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு எங்கள் வீட்டு அலுமாரியிலிருந்து அம்மாவின் கடிதக் கட்டை எடுத்தேன். நீல மையால் எழுதியிருந்தது அத்தனையும் நீலக் கறையாகக் கலைந்திருந்தது. பின்பக்கத்தில் அம்மா பென்சிலால் போட்டிருந்த கடைக் கணக்கு மட்டும் அப்படியே இருந்தது. அரிசி, சீனி, தேங்காய் எண்ணெய். சாய மை தண்ணீரில் கரையும் என்பதை நான் அன்றுதான் கற்றேன். அதனால் இப்போது வைத்திருக்க வேண்டியதை எழுதும்போது நீரில் கரையாத மையையே எடுக்கிறேன். மாசிக்காயும் அன்னபேதியும் சேர்த்து முன்னோர் காய்ச்சிய கறுப்பு மையின் வழி வந்த மைகள் இன்றும் கிடைக்கின்றன. அவை உலோகத்தை அரிக்கக் கூடியவை, பேனையில் காய விடக்கூடாது. அடிக்கடி தண்ணீரில் கழுவினால் நிப்பும் பிழைக்கும், எழுத்தும் பிழைக்கும்.

அந்தக் கடிதக் கட்டில் எனக்கு மிஞ்சிய தாள்கள் சில. ஒரு தாளின் ஓரத்தில், கறை படாத மூலையில், ‘திருக்கோவில்’ என்று அம்மா எழுதியது மட்டும் தெரிகிறது. இரண்டு புள்ளிகளும் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி விழுந்திருக்கின்றன. என்னுடைய புள்ளிகளும் அப்படித்தான் விழுகின்றன. காக்கா தேய்த்துத் தந்த நிப்பால் எழுதிப் பார்த்த பிறகுதான் அதைக் கவனித்தேன்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த இதழுக்கு எழுதும் கடிதத்தில், எதைப் பற்றி எழுதினாலும், உங்கள் ஊர்ப்பெயரை மட்டும் கையால் எழுதி அனுப்புங்கள். குமிழ்முனைப் பேனையோ பென்சிலோ எதுவானாலும் சரி. தொலைபேசியில் அனுப்புகிறவர்கள் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்பலாம். ஒவ்வொரு கடிதத்தின் கீழும் ஊர்ப்பெயரை அச்செழுத்தில் போடாமல் உங்கள் கையெழுத்திலேயே அச்சிடப் போகிறோம். பாலமுனையிலும் காரைதீவிலும் இருப்பவர்கள் உங்கள் வீதியின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். உங்களுடைய புள்ளியையும் நாங்கள் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்
திருக்கோவில்